காருகுறிச்சியாரைக் காதுக்குக் கொண்டுவர நான்கு வழிகள்

நாகசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தைப் பற்றிய எங்கள் மேடை நாடகம் இரண்டு மணி நேரம் ஓடும். பார்த்தவர்களில் பலர், முக்கியமாக வெளியூரில் பிள்ளைகளோடு போய் இருக்கும் பெரியவர்கள், இதைக் கேட்கிற மாதிரி செய்து தரக்கூடாதா என்று விடாமல் கேட்கிறார்கள். செய்வது என்று குழு முடிவெடுத்துவிட்டது. எந்த வடிவத்தில் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. ஒரு கலைஞரின் வாழ்க்கையை மேடையிலிருந்து ஒலி நாடகத்துக்கு மாற்ற நினைக்கும் எந்தக் குழுவும் இதே இடத்தில் வந்து நிற்கும் என்பதால், எங்களுக்குள் பேசியதையும் என் தரப்பையும் விரிவாகவே எழுதுகிறேன்.

அருணாசலம் 1921-இல் பிறந்தவர். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற காருகுறிச்சிதான் ஊர். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து, அவர் பக்கத்தில் இரண்டாவது நாகசுரம் வாசித்து, பிறகு தனக்கென்று ஒரு வாசிப்பை உண்டாக்கிக்கொண்டவர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் சேர்ந்த ‘சிங்கார வேலனே தேவா’ அவரைக் கச்சேரி கேட்காத வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த இரண்டே வருடத்தில், 1964-இல், நாற்பத்து மூன்று வயதுகூட நிரம்பியும் நிரம்பாமலும் இறந்துபோனார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

இப்படி ஒருவரைப் பற்றிய நாடகத்தில் வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இரண்டாம் இடம்தான். நாகசுரம் பேச வேண்டும். மேடையில் நடிகர் நாகசுரத்தைக் கையில் பிடித்து, பின்னால் ஒலிக்கும் வாசிப்புக்கு ஏற்பக் கன்னத்தை உப்பவைத்தால் போதும், சபை ஒத்துக்கொள்ளும். ஒலி நாடகத்தில் அந்த உடன்படிக்கை கிடையாது. காதுக்கு நாகசுரம் வந்தால் அவர் இருக்கிறார், வராவிட்டால் அவர் இல்லை. எந்த வடிவம் நாகசுரத்துக்கு அதிக இடம் விடுகிறதோ அதையே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நான்கு வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எடைபோட ஒரு சோதனைக் காட்சி வேண்டும். எங்கள் நாடகத்தின் உயிரான இடம் ஒன்றில் வசனமே இல்லை. குருவும் சீடனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஆலாபனை ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் குரு நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறார். சீடன் அந்த இடத்திலிருந்து ராகத்தை எடுத்துக்கொண்டு போகிறான். அவ்வளவுதான் காட்சி. எந்த ஊரில் போட்டாலும் அங்கே கைதட்டல் விழுந்தது. அந்தப் பார்வையை எப்படிக் கேட்க வைப்பது?

முதல் வழி: அரங்கில் நடப்பதை அப்படியே பதிவு செய்வது

செலவு குறைவு. நடிகர்களுக்கு வசனம் மனப்பாடம். சபையின் சிரிப்பும் கைதட்டலும் இலவசமாகக் கிடைக்கும். இந்த வழிக்கு நம் பக்கத்தில் ஒரு பெரிய முன்மாதிரியும் உண்டு. கட்டபொம்மன் கதை முதலில் மேடை நாடகமாக நடந்து, 1959-இல் படமாகி, அந்தப் படத்தின் கதைவசனம் ஒலித்தட்டாகவும் ஒலிச்சித்திரமாகவும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்களிலும் கோவில் கொடை விழாக்களிலும் எத்தனையோ வருடம் ஓடியது. பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் படத்தைப் பார்த்திராதவர்களுக்கும் வசனம் தலைகீழ்ப் பாடம். மேடைக்கு எழுதியது காதுக்கும் போதுமானதாக இருந்தது.

ஆனால் அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம் அந்தக் கதையின் சண்டையே வாயால் நடப்பது. எதிரும் புதிருமாக நின்று பேசுகிற இரண்டு பேர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் நாடகம் பார்க்கலாம். எங்கள் நாடகத்தில் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் பேசாமல் நடக்கின்றன. சோதனைக் காட்சியைப் பதிவில் கேட்டால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாகசுரம் ஒலிக்கும், சட்டென்று சபை கைதட்டும், எதற்கு என்று தெரியாது. வேறொரு வீட்டு விசேஷத்தை மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிற கதிதான்.

தொழில்நுட்பக் காரணமும் ஒன்று இருக்கிறது. மேடையில் நடிகர் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்துவார். அதே குரல் ஹெட்போனில் காதுக்குள் வந்தால் கத்துகிறார் என்றுதான் படும். பாத்திரம் முணுமுணுக்க வேண்டிய இடத்தில் நடிகர் முழங்கியிருப்பார், அதைப் பிறகு எந்தக் கருவியாலும் முணுமுணுப்பாக்க முடியாது. அதனால் இந்த வழியை ஆவணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த தலைமுறைக்கு நாடகம் எப்படி நடந்தது என்று காட்ட ஒரு பதிவு அவசியம் வேண்டும். அதை ஒலி நாடகம் என்று வெளியிட வேண்டாம்.

இரண்டாம் வழி: ஒரு கதைசொல்லியைச் சேர்ப்பது

பெரும்பாலானவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள், எங்கள் குழுவிலும் சொன்னார்கள். நாடகத்தை ஸ்டுடியோவில் மறுபடி பேசி, கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடங்களில் ஒரு குரல் வந்து விளக்கும். வருடம் மாறுவது, ஊர் மாறுவது, நான்கு காட்சிகளில் சொன்னதை நான்கு வரியில் கடப்பது எல்லாம் எளிது. வாழ்க்கை வரலாற்று நாடகத்துக்கு இந்த வசதி சின்னதல்ல. 1921-இலிருந்து 1964 வரை போக வேண்டியிருக்கிறது.

சோதனைக் காட்சிக்கு வருவோம். கதைசொல்லி என்ன சொல்வார்? ‘அப்போது குரு வாசிப்பை நிறுத்திவிட்டுச் சீடனைப் பார்த்தார். சீடன் தொடர்ந்தான்.’ தகவல் வந்துவிட்டது, நிகழ்ச்சி போய்விட்டது. அதைவிடக் கேடு, இதைச் சொல்வதற்காக நாகசுரத்தின் ஒலியைக் குறைக்க வேண்டும். நாகசுரத்தின் ஒலி மனிதக் குரல் வாழ்கிற அதே உயரத்தில் வலுவாக நிற்பது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் இரண்டுமே கெடும். அப்படியானால் கதைசொல்லி வாய் திறக்கும்போதெல்லாம் நாகசுரம் தணிய வேண்டும். யாருடைய வாழ்க்கையைச் சொல்கிறோமோ அவருடைய குரலையே ஒவ்வொரு முறையும் அடக்கிவிட்டுச் சொல்வதாக ஆகிறது. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வெளியில் நிற்கிற கதைசொல்லிக்கு இன்னொரு குணமும் உண்டு. எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசுவார். அருணாசலத்தின் மனதில் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுவார். அவர் மனதில் ஓடியது நமக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரிந்தது அவர் வாசிப்பு.

மூன்றாம் வழி: வில்லுப்பாட்டு

எங்கள் குழுவில் இளையவர்கள் மிகவும் விரும்பியது இது. விரும்பியதில் நியாயம் இருக்கிறது. வில்லுப்பாட்டு இந்த மண்ணின் ஒலி நாடகம். ஒரு புலவர், பக்கப்பாட்டு, வில், வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், அவ்வளவையும் வைத்துக்கொண்டு இரவு முழுக்க ஒரு முழு வாழ்க்கையைச் சொல்லிவிடுவார்கள். கேட்பவர் தூங்கிவிடாதபடி ‘ஆமா’ போடுகிறவர் பார்த்துக்கொள்வார். புலவர் ஒரு நொடியில் கதை சொல்பவர், அடுத்த நொடியில் பாத்திரம், அதற்கடுத்து கேலி பேசும் ஊர்க்காரர். இந்த மாற்றத்துக்கு உடையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் இதைக் கோவில் கொடையிலிருந்து வானொலிக்கும் நகரத்து மேடைக்கும் கொண்டுபோய், தெய்வக் கதைகளுக்கு வெளியிலும் எதையும் வில்லில் சொல்லலாம் என்று வாழ்நாள் முழுக்கக் காட்டினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், மறுவருடம் காலமானார். அவர் ஊர்ப்பக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு ஒலி நாடகம் வில்லை நினைக்காமல் இருந்தால்தான் வியப்பு.

காருகுறிச்சிக்கு இதில் தனிப் பொருத்தமும் உண்டு. அந்த ஊர் மண்பாண்டத்துக்குப் பேர்போனது. வில்லுப்பாட்டின் அடித்தாளமே மண்குடம். பானை தட்டுகிற சத்தத்தில் ஊரைக் காட்டி, அந்தத் தட்டலையே குடத்தின் தாளமாக மாற்றி, அதிலிருந்து கதையைத் தொடங்கலாம் என்று ஒரு தம்பி சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஒலி நாடகம் எந்த வடிவத்தில் வந்தாலும் முதல் ஒலி அந்தப் பானைத் தட்டல்தான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

ஆனாலும் முழு நாடகத்துக்கும் வில்லுப்பாட்டு வேண்டாம் என்கிறேன். வில்லுப்பாட்டு தானே ஒரு முழுமையான இசை. வில்லின் மணிகளும் உடுக்கையும் புலவரின் ஏற்றமான குரலும் சேர்ந்து காதை நிறைத்துவிடுகின்றன. அதற்குள் நாகசுரத்தை வைக்க இடம் இல்லை. வைத்தால் ஒன்று இன்னொன்றுக்கு இடையீடாகத்தான் கேட்கும். சோதனைக் காட்சியைப் புலவர் அருமையாகப் பாடுவார், ‘ஆமா’க்காரர் சரியான இடத்தில் ஏற்றிக்கொடுப்பார், கேட்பவர் கண் கலங்குவார். ஆனால் கலங்கியது புலவருக்காக. அருணாசலம் பாடுபொருளாக ஆகியிருப்பார், வாசிப்பவராக இருக்க மாட்டார். கொடை விழாவில்கூட வில்லுப்பாட்டும் மேளமும் மாறி மாறித்தான் நடக்கும், ஒரே நேரத்தில் ஒரே பந்தலில் நடக்காது. அந்த ஒழுங்கில் அனுபவம் இருக்கிறது.

அரைமணி நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டிய ஒரு சின்ன வடிவம் தேவைப்பட்டால், பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், வில்லுப்பாட்டைவிடச் சிறந்தது இல்லை. அதைத் தனியாகச் செய்வோம்.

நான்காம் வழி: குரலும் ஒலியும் மட்டும், உள்ளேயிருந்து ஒருவர்

நான் கேட்பது இதைத்தான். நாடகத்தைக் காதுக்கென்று புதிதாக எழுதுவது. விளக்கும் குரல் வெளியில் வேண்டாம். நாகசுரக் குழுவிலேயே தாளம் போடுகிற ஒரு பையன் இருக்கட்டும். கற்பனைப் பாத்திரம். அந்தக் குழுவில் யாரும் கவனிக்காத ஆள் அவன், ஆனால் எல்லாக் கச்சேரியிலும் இரண்டு நாகசுரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன். வயதான பிறகு அவன் நினைத்துச் சொல்வதாகக் கதை போகும்.

இது இரண்டாம் வழிதானே, கதைசொல்லிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதானே என்று குழுவில் கேட்டார்கள். வித்தியாசம் இருக்கிறது. இவனுக்கு எல்லாம் தெரியாது. பக்கத்தில் இருந்து கேட்டது மட்டும் தெரியும். நாகசுரம் ஒலிக்கும்போது இவன் பேச முடியாது, ஏனென்றால் கை தாளத்தில் இருக்கிறது, கவனம் காலப்பிரமாணத்தில் இருக்கிறது. வாசிப்பு முடிந்த பிறகோ, தொடங்குவதற்கு முன்போதான் பேசுவான். நாகசுரத்தின் மேல் பேச்சை ஏற்றக்கூடாது என்ற விதியை இந்தப் பாத்திரம் தன் இயல்பாலேயே காப்பாற்றிவிடும்.

சோதனைக் காட்சி இவ்வழியில் இப்படி வரும். முதல் நாகசுரம் ஏறுகிறது. ஒரு ராகப் பிடியின் நடுவில், முடிக்காமலேயே, நிற்கிறது. மூச்சு இழுக்கிற சத்தம். தவில்காரரின் விரல் தோலில் லேசாக உரசுகிறது. யாரோ ஒரு ரசிகர் தொண்டையைச் செருமுகிறார். அந்த இடைவெளி கேட்பவருக்குப் பயத்தைத் தர வேண்டும், ஏதோ தவறிவிட்டதோ என்று. பிறகு இன்னொரு நாகசுரம், கொஞ்சம் வேறு நிறத்தில், விட்ட இடத்திலிருந்து எடுக்கிறது. போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கைதட்டல் அடங்கிய பிறகு கிழவனின் குரல்: “ரெண்டாம் நாகசுரம் எப்ப எடுத்துதுன்னு எனக்குத் தெரியாது. மூச்சு மாறுனது கேட்டுது. அம்புட்டுத்தான். அவிய ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாவளான்னு கேட்டா, நான் தாளத்தைல்லா பாத்துக்கிட்டிருந்தேன்.”

பார்வை கண்ணுக்குத் தெரியாமலே பார்வை நடந்துவிடுகிறது. மேடையில் கிடைத்ததைவிட இது ஒரு படி மேல் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

மேடையில் உடையால் காட்டியதை இங்கே எதைக் கொண்டு காட்டுவது என்பதற்கும் இந்த வழியில் நல்ல விடைகள் கிடைக்கின்றன. குருவையும் சீடனையும் பிரித்துக்காட்ட மேடையில் நாங்கள் உடையை நம்பினோம். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்தவர், ஷெர்வாணி போட்டுக்கொண்டு மேடையேறியவர். நாகசுரக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தில் அந்தத் தோற்றமே ஒரு போராட்டம். காதுக்கு அது வராது. ஆனால் காதுக்கு மொழி வரும். குரு காவிரிக்கரைக்காரர், சீடன் பொருநை என்கிற தாமிரபரணிக் கரைக்காரன். குரு பேசுவது தஞ்சாவூர்ப் பேச்சு, சீடனும் தாளக்காரப் பையனும் பேசுவது நம் பேச்சு. ‘வந்தாங்க’ என்று ஒரு குரலும் ‘வந்தாவ’ என்று இன்னொரு குரலும் கேட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. மேடைப் பிரதியில் எல்லாரையும் பொதுத்தமிழ் பேச வைத்திருந்தோம். ஒலிக்கு அதைத் திருத்தியே ஆக வேண்டும். உடையின் அரசியலை ஒரு சின்ன உரையாடலில், ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டைப் பற்றிக் கேட்பதாகவும் பதில் வாசிப்பில் வருவதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

நாகசுரத்தின் உள்விவகாரங்கள் மேடையைவிட ஒலியில்தான் துலங்கும். வாசிப்பதற்கு முன் சீவாளியை எச்சில்படுத்தி ஊதிப்பார்க்கிற அந்தச் சின்னச் சத்தம், கடைசி வரிசைக்குப் போகவே போகாதது, இங்கே காதோரம் கேட்கும். பழைய திமிரி நாகசுரத்தின் உச்சமான சுருதிக்கும், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு ராஜரத்தினம் பிள்ளை பழக்கத்துக்குக் கொண்டுவந்த பாரி நாகசுரத்தின் தாழ்ந்த, கனமான குரலுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்சிக்குக் காட்சி கேட்க வைக்கலாம். பையனின் பிள்ளைப்பருவத்தில் கோவிலில் திமிரி. குருவிடம் சேர்ந்த பிறகு பாரி. காலம் மாறிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தூரம் இன்னொரு வரம். மேடையின் அகலம் இருபது, முப்பது அடி. ஒலியில் நெல்லையப்பர் கோவிலின் ரத வீதி முழுக்க நம்முடையது. ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் மேளம் எங்கோ வடக்கு ரத வீதியில் தொடங்கி, மூலை திரும்பும்போது சுவரில் பட்டு மங்கி, திரும்பிய பிறகு முகத்தில் வந்து மோதுவதை எந்த அரங்கத்திலும் காட்ட முடியாது. அதற்கு இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி பிரித்துத் தர வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். பாதிப் பேர் கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். இடம், வலம் என்ற பிரிவு அங்கே காணாமல் போகும். அருகு, தொலைவு என்ற பிரிவு காணாமல் போகாது.

இந்த வழியின் சிரமங்களையும் சொல்ல வேண்டும். எழுதுவது முழுக்கப் புது வேலை, மேடைப் பிரதியில் பாதிகூட மிஞ்சாது. இரண்டு நாகசுரமும் தவிலும் ஒரு முழு நாள் வேண்டும், பெரிய செலவு அதுதான். மௌனத்தை நம்புகிற இயக்குநர் வேண்டும். நடிகர்கள் மேடைக் குரலை மறக்க வேண்டும், சிலரால் முடியாது. மேடையில் அருணாசலமாக நடித்து நல்ல பெயர் வாங்கியவர் மைக்குக்கு முன் பொருந்தாமல் போகலாம். அதை அவரிடம் நேராகப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

யாருடைய நாகசுரம்?

வடிவத்தைவிடச் சிக்கலான கேள்வி இது. அவருடைய பழைய பதிவுகளைப் பயன்படுத்துவதா, இன்றைய வித்வான்களை வைத்து வாசிக்கச் செய்வதா?

முதலில் உரிமை. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து அறுபது வருடம் பாதுகாப்பு. 1962-இல் வெளியான பாட்டின் ஒலிப்பதிவுக்கு அந்தக் காலம் 2022-இன் முடிவோடு கழிந்துவிட்டது. இதைக் கேட்டதும் எங்களில் சிலர் பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மகிழ்ந்துபோனார்கள். பொறுக்க வேண்டும். மெட்டுக்கும் வரிகளுக்கும் கணக்கு வேறு, படைத்தவர் இறந்த பிறகு அறுபது வருடம். இசையமைத்த எஸ். எம். சுப்பையா நாயுடு 1979-இல் காலமானார். ஆக அந்த மெட்டு 2039 வரை பாதுகாப்பில் இருக்கிறது. உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கியே தீர வேண்டும். வானொலி நிலையங்களில் இருக்கும் கச்சேரிப் பதிவுகளுக்கு அந்தந்த நிலையத்தைக் கேட்க வேண்டும். தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. எட்டயபுரத்திலேயே 1835-இல் மறைந்த முத்துசாமி தீட்சிதரை இன்றைய வித்வான் எவரும் தாராளமாக வாசிக்கலாம். அந்த இடத்தில் நம் நாடகத்துக்கு எட்டயபுரமும் கிடைக்கிறது.

உரிமை கிடைத்தாலும் கேள்வி தீராது. அருணாசலம் வாசிக்கிறார் என்று சொல்லிவிட்டு வேறொருவர் வாசிப்பைக் கொடுத்தால், அவர் வாசிப்பைக் காதில் வைத்திருப்பவர் நம் வட்டாரத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தக் கணமே நாடகத்தை விட்டு வெளியே போய்விடுவார்கள். பழைய பதிவை மட்டும் நம்பினால், அவர் சாதகம் செய்வதும் தடுமாறுவதும் எந்தப் பதிவிலும் இல்லை.

நான் சொல்வது இது. சாதகம், படிப்பு, இரண்டாவது நாகசுரமாக இருந்த காலம் எல்லாம் இன்றைய இளம் வித்வான்கள் வாசிக்கட்டும். அங்கே அவர் இன்னும் அருணாசலமாக ஆகவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறார். அவர் தானாகிவிட்ட பிறகு அவருடைய சொந்தப் பதிவு மட்டுமே ஒலிக்கட்டும். பழைய பதிவின் இரைச்சலை மறைக்க மெனக்கெட வேண்டாம். அந்தப் பதிவு கதைக்குள்ளேயே ஒரு கருவி வழியாக வரட்டும். டீக்கடை வானொலியிலிருந்து, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலிருந்து, ஒரு கிராமபோனிலிருந்து. இரைச்சல் அப்போது கதையின் காலத்துக்குச் சொந்தமாகிவிடும். கிழவனாகிவிட்ட தாளக்காரன் தெருவில் நடந்துபோகும்போது எங்கோ கல்யாண வீட்டில் ‘சிங்கார வேலனே’ போடுவது கேட்கிறது என்று வைத்தால் அதற்கு மேல் ஒரு சொல் எழுத வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணியமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேடையில் நடிப்பவர் நடிகர் என்பது கண்ணுக்குத் தெரியும். ஒலியில் தெரியாது. உண்மையான பழைய பதிவுக்குப் பக்கத்தில் நடிகரின் குரலை வைத்தால், அது அருணாசலமே பேசிய பதிவு என்று நாளைக்கு யாரோ நம்பிவிடுவார்கள், வெட்டி எடுத்துப் பரப்பியும் விடுவார்கள். அவர் சொல்லாத ஒன்று அவர் வாக்காகச் சுற்றும். அதனால் அருணாசலம் பாத்திரத்துக்கு வசனத்தை மிகக் குறைவாக வைக்க வேண்டும். பையனாக இருக்கும்போது பேசட்டும். பெரிய வித்வானான பிறகு நடிகரின் குரலே வேண்டாம், மற்றவர்கள் அவரிடம் பேசுவது கேட்கட்டும், பதில் நாகசுரமாக வரட்டும். தொடக்கத்தில், உரையாடல்கள் கற்பனை, இன்னின்ன பதிவுகள் அவர் வாசித்தவை என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதிவு வெளியாவதற்கு முன் பிரதியை அவர் குடும்பத்தாருக்கும் காட்ட வேண்டும்.

எங்கே வெளியிடுவது என்பதில் எனக்குப் பெரிய வாதம் இல்லை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது, மறுவருடம் அவர் இறந்துவிட்டார். அந்த நிலையத்தில் இது ஒலித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசை. வானொலிக்கு அரைமணிப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும், எங்கள் கதை நான்கு பகுதிகளாக நன்றாகவே பிரியும்: ஊர், குரு, தனி வாசிப்பு, கோவில்பட்டி. அதே நான்கையும் இணையத்திலும் ஏற்றலாம். ஒரே எச்சரிக்கை, வானொலி ஒலிபரப்புக்கென்று வாங்கிய அனுமதி இணையத்துக்குச் செல்லாது. இரண்டுக்கும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

பதிவு வேலையில் இரண்டு விஷயம் மட்டும். நாகசுரத்தைக் குரல் பதிவு செய்கிற சின்ன அறைக்குள் கொண்டுபோக வேண்டாம், அங்கே அது காதைக் கிழிக்கும். விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூடக் கூடமோ கல்மண்டபமோ கேட்டு வாங்கி, மைக்கை நாகசுரத்தின் அகன்ற வாயான அணசுக்கு நேராக வைக்காமல் சில அடி தள்ளி, கொஞ்சம் உயரத்தில் வைத்தால் கருவியின் முழுக் குரலும் வரும். கலந்து முடித்ததைச் சாதாரணக் கைபேசியில் போட்டுக் கேட்க வேண்டும். தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்துச் சத்தம் அதில் கேட்காமல் போனால் தாளமே பாதி போனதாக அர்த்தம், திரும்பவும் உட்கார வேண்டியதுதான்.

வேலையின் வரிசையையும் குழு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். வழக்கமாகப் பிரதியை எழுதி முடித்து, நடிகர்களைப் பதிவு செய்து, கடைசியில் இசையை இட்டு நிரப்புவோம். இதில் முதலில் வித்வான்களை உட்கார வைத்து, நான்கு பகுதிக்கும் தேவையான வாசிப்பைப் பதிவு செய்துவிடுவோம். சாதகம், தடுமாற்றம், விட்ட இடத்திலிருந்து எடுப்பது, எல்லாவற்றையும். எவ்வளவு நீளம் வருகிறதோ வரட்டும். அதைக் கேட்டுக்கொண்டே, அது விடுகிற இடைவெளிக்கு மட்டும் வசனம் எழுதுகிறேன்.